வளவுத் தோட்டமும் மாடித் தோட்டமும் – ஒரு நோக்கு

வீட்டைச் சூழவுள்ள நிலத்தில் மரக்கறி விளைவித்தல் ஈழத்துத் தமிழர் வாழ்விற்குப் புதியதொன்றன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளவு என்று கூறும்போது வீடும் அது நிற்கும் நிலமும் மாத்திரம் கருதப்படுவதில்லை. வேலி, கிணறு, முற்றம், கோடிப்புறம், கிணற்றடி வாழை, வேலியோரத்து முருங்கை, பந்தலிற் படர்ந்த பாகல், புடோல் ஆகிய யாவும் சேர்ந்ததே வளவாகும். கிணற்றில் அள்ளிக் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தது. வேலியில் வெட்டிய பூவரசங் குழை மண்ணுக்கு எருவாயிற்று. ஆட்டெருவும் மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் கோடிப்புறத்துப் பாத்திகளுக்குச் சென்றன. மலைநாட்டிலே கண்டிப் பிரதேசத்து வீட்டுத்தோட்டமும் இத்தகையதே. பலாவும் தென்னையும் மேலடுக்காகவும், கோப்பியும் மிளகும் இடையடுக்காகவும், இஞ்சியும் மஞ்சளும் கிழங்குவகைகளும் கீழடுக்காகவும் அங்கு வளர்கின்றன.

இந்நிலை இன்று பெரிதும் மாறியுள்ளது. கொழும்பிலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளில் தொடர்மாடிகளில் வாழும் குடும்பங்களுக்கு வளவு என்பது இல்லை. யாழ்ப்பாண நகரிலும் காணிகள் துண்டாடப்பட்டுச் சீமெந்துத் தரை பெருகிவருகின்றது. இதனால் மொட்டைமாடியிலும் மேன்மாடத்திலும் சாடிகள், வாளிகள், உரப்பைகள் ஆகியவற்றிற் பயிர் செய்யும் முறை பரவிவருகின்றது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டமையும், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்ட பின்னரும் பசளைத் தட்டுப்பாடு நீடித்தமையும், அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் இம்முறைக்கு வேகமளித்தன. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக உயர்ந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், வீட்டுத்தோட்டம் செய்தற்பொருட்டு அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாதங்களுக்கு விடுமுறை வழங்க அமைச்சரவை அனுமதியளித்தது.

ஆர்வத்தோடு தொடங்கப்பட்ட மாடித் தோட்டங்கள் சில மாதங்களிற் கைவிடப்பட்டு, உலர்ந்த மண் நிரம்பிய வாளிகள் மூலைகளிற் கிடத்தலைக் காண்பது அரிதன்று. விதையின் குறை, பூச்சியின் தொல்லை, கைராசியின்மை எனப் பலவாறு இதற்குக் காரணங் கற்பிக்கப்படுகின்றது. மூலகாரணம் வேறொன்றாகும். சாடியைச் சிறியதொரு வளவாகக் கருதி, வளவிற் செய்தவற்றையே சாடியிலுஞ் செய்கின்றோம். ஆனால் வளவிலே நிலம் தானாகவே செய்யும் தொழில்கள் சிலவற்றைச் சாடியில் மனிதனே செய்யவேண்டியுள்ளது. அத்தொழில்கள் யாவை, அவற்றை எங்ஙனம் நிறைவேற்றலாம், இவ்வாறு செய்யப்படும் தோட்டத்திலிருந்து எவ்வளவை எதிர்பார்க்கலாம் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலம் செய்யும் தொழில்கள்

நிலத்தில் நிற்கும் கத்தரிச் செடியொன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு நிலம் நான்கு உதவிகளைச் செய்கின்றது. முதலாவதாக, ஆழ்ந்த மண் நீரைத் தேக்கி வைக்கின்றது. மேல்மண் உலர்ந்தாலும் வேர் கீழ்நோக்கிச் சென்று நீரைப் பெறுகின்றது. இரண்டாவதாக, மிகுதி நீரை நிலம் கீழிழுத்துக்கொள்வதால் வேர்களைச் சூழ்ந்து காற்று நிலைக்கின்றது. மூன்றாவதாக, நண்பகலில் மேற்பரப்பு எவ்வளவு சூடாயினும் ஒரு சாண் ஆழத்தில் மண் குளிர்ச்சியாகவே இருக்கின்றது. நான்காவதாக, மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் குப்பையைச் சிதைத்து ஊட்டத்தைச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. சாடியில் இந்நான்கும் எல்லைக்குட்பட்டு விடுகின்றன. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் பொருத்தமாகும்.

நீர்த் தேக்கம்

இருபது இலீற்றர் கொள்ளும் வாளியொன்றில் நல்ல மண்கலவை நிரப்பப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நீரூற்றி வடியவிட்ட பின்னர், செடியின் வேர் உறிஞ்சக்கூடிய நீர் அதில் ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு இலீற்றர் அளவே இருக்கும். காய்க்கும் பருவத்திலுள்ள தக்காளிச் செடியொன்று வெயில் நாளொன்றில் இரண்டு இலீற்றர் வரையிலான நீரை ஆவியுயிர்ப்பால் இழக்கவல்லது. மொட்டைமாடியில் வீசும் காற்று இவ்விழப்பை மேலும் கூட்டும். எனவே, நிலத்தில் ஒருவாரம் தாங்கும் செடி வாளியில் இரண்டாம் நாளிலேயே வாடத்தொடங்குவது இயல்பாகும்.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, சாடி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அதனைப் பேணுதல் எளிது. பத்துச் சிறு சாடிகளைவிட நான்கு பெரிய வாளிகள் மேலானவை. கீரைவகைகளுக்கு 15 சதமமீற்றர் ஆழம் போதுமாயினும், மிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டி ஆகியவற்றிற்கு 25 முதல் 30 சதமமீற்றர் வரையான ஆழம் வேண்டும். மற்றையது, நீரூற்றுதலில் ஒழுங்கு பேணப்படல் வேண்டும். தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்து அழுகுவதைப் பலர் நோயெனக் கருதி மருந்து தெளிக்கின்றனர். காய்க்குப் போதிய கல்சியம் சென்றடையாமையே அதற்குக் காரணமாகும். கல்சியம் நீரோடு சேர்ந்தே செடியினுட் செல்வதால், ஒருநாள் உலர்த்தி மறுநாள் வெள்ளமாக ஊற்றும்போது, மண்ணிற் கல்சியம் மிகுந்திருந்தாலும் காய்க்கு அது கிட்டாது. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரை ஊற்றும் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் இக்குறை தோன்றுவதற்கு இதுவே விளக்கமாகும்.

வைக்கோல், காய்ந்த சருகு, தென்னந்தும்பு ஆகியவற்றில் ஒன்றால் மண்ணின் மேற்பரப்பை இரண்டு விரற்கடை தடிப்பிற்கு மூடிவிடின் ஆவியாதல் குறையும். நீரை அதிகாலையில் ஊற்றுதல் நன்று. கடுங்கோடையில் மாலையிலும் ஒருமுறை ஊற்றவேண்டி நேரலாம்.

வடிதல்

சாடியின் அடியிற் கல்லோ ஓட்டுத்துண்டுகளோ ஓர் அடுக்காகப் பரப்பி, அதன்மேல் மண்ணிட்டால் நீர் நன்கு வடியும் என்பது பரவலான நம்பிக்கை. மண் பௌதிகம் இதற்கு மாறான முடிவையே தருகின்றது. மண்ணின் நுண்டுளைகள் மயிர்த்துளைக் கவர்ச்சியால் நீரைப் பற்றி வைத்திருக்கின்றன. கற்களுக்கிடையேயுள்ள பெரிய வெளிகளுக்கு அத்தகைய கவர்ச்சி இல்லை. ஆதலால், மேலுள்ள மண் முற்றாக நிரம்பும்வரை நீர் கல்லடுக்கினுள் இறங்குவதில்லை. சாடியின் அடியில் எப்பொழுதும் நீர் நிறைந்து நிற்கும் ஒரு மண்படை உண்டு; கல்லடுக்கு அப்படையை அகற்றுவதற்குப் பதிலாக, வேர்களை நோக்கி மேலே உயர்த்திவிடுகின்றது.

இதனை எவரும் எளிதிற் பரிசோதிக்கலாம். நீள்சதுரமான கடற்பஞ்சுத் துண்டொன்றை நீரில் நன்கு ஊறவைத்து, அகலமான பக்கம் கீழிருக்கத் தட்டையாகப் பிடிக்க வேண்டும். சொட்டுதல் நின்றபின்னர் அதனையே நிமிர்த்தி நெடுக்காகப் பிடித்தால், பிழியாமலே மேலும் நீர் வடிவதைக் காணலாம். பஞ்சும் மாறவில்லை, அதன் துளைகளும் மாறவில்லை, உயரம் மாத்திரமே மாறியது. ஆழங்குறைந்த அகன்ற தட்டத்தில் மண் நெடுநேரம் சேறாக இருப்பதற்கும், ஆழமான வாளியில் மேற்பகுதி மண் காற்றோட்டத்தோடு இருப்பதற்கும் காரணம் இதுவே.

ஆகவே கல்லடுக்கைத் தவிர்த்து, சாடியின் அடி முதலே ஒரேவகை மண்கலவையை நிரப்புதல் வேண்டும். மண் வெளியேறாதவாறு துளையின்மேல் ஒரு தும்புத் துண்டை வைத்தாற் போதுமானது. துளைகள் விரலளவு பருமனாகவும் நான்கிற்குக் குறையாமலும் இருத்தல் நன்று. சாடியைத் தரையில் நேரே வைக்காது இரண்டு செங்கற்களின்மேல் உயர்த்தி வைத்தால் துளைகள் அடைபடமாட்டா. வேர்களுக்கும் ஒட்சிசன் தேவை என்பதையும், நீர் நிறைந்த மண்ணில் அது கிடையாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். நீர் மிகுதியால் வாடிய செடியைக் கண்டு, நீர் போதாதெனக் கருதி மேலும் ஊற்றுபவர் பலராவர். விரலை மண்ணினுள் இரண்டு அங்குலம் புகுத்திப் பார்த்த பின்னரே ஊற்றுதல் வேண்டும்.

மண்கலவை

வளவிலுள்ள மண்ணை அப்படியே வெட்டிச் சாடியில் நிரப்பினால், சில வாரங்களில் அது இறுகிக் கட்டியாகிவிடும். நிலத்திலே மண்புழுவும் பழைய வேர்களின் துவாரங்களும் செய்த நெகிழ்ச்சி சாடியில் இராது. வலிகாமத்துச் செம்மண்ணோ, இருவாட்டி மண்ணோ ஒரு பங்கு. நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு. தும்புத்தூள் ஒரு பங்கு எனக் கனவளவிற் கலந்துகொள்வது பெரும்பாலான மரக்கறிகளுக்குப் பொருந்தும். களித்தன்மை மிகுந்த மண்ணாயின் மணலுஞ் சேர்க்கலாம்; அதற்குக் கடற்கரை மணல் ஆகாது.

தும்புத்தூள் தென்னை வளரும் எங்கள் நாட்டில் எளிதிற் கிடைப்பது. தன் நிறையின் பன்மடங்கு நீரைத் தாங்கவல்லது. ஆயினும் அதனை இருவகை எச்சரிக்கையோடு பயன்படுத்தல் வேண்டும். மட்டை ஊறிய நீரின் உப்பு அதிலே தங்கியிருக்கக்கூடுமாதலால், நன்னீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடித்த பின்னரே கலத்தல் வேண்டும். அன்றியும், அதிற் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தமக்கென எடுத்துக்கொள்ளுமாதலால், புதிய தும்புத்தூள் மிகையாகச் சேர்ந்த சாடியில் இளஞ்செடிகள் வெளிறி நிற்கும். கூட்டெருவைக் குறையாது சேர்த்தலே இதற்குப் பரிகாரமாகும்.

யாழ்ப்பாணத்தவர் வேறொரு தன்மையையும் அறிந்திருத்தல் நலம். சுண்ணக்கல்லினூடு வரும் கிணற்று நீர் வன்னீராகும். சாடியில் அந்நீரைத் தொடர்ந்து ஊற்றும்போது மண் காரத்தன்மை அடைகின்றது. அந்நிலையில் இரும்பு கரையாதிருப்பதால், இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும். இத்தகைய சாடிகளுக்கு அடுப்புச் சாம்பல் இடுவதைத் தவிர்த்து, கூட்டெருவைக் கூட்டுதல் வேண்டும். மாரியில் மழைநீரைச் சேர்த்து ஊற்றுதல் அதனினுஞ் சிறந்தது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஓர் இலீற்றர் நீராகும். ஐம்பது சதுர மீற்றர் கூரையில் இருபது மில்லிமீற்றர் பெய்யும் ஒருநாள் மழை, சிந்துவன போக, ஆயிரம் இலீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீரைத் தரும்.

வெப்பம்

நண்பகலில் கொங்கிறீற்றுத் தளத்தில் வெறுங்காலோடு நிற்க இயலாது. அத்தளத்தில் வைக்கப்பட்ட கரிய நிறச் சாடியின் வெயிற்பக்க மண்ணும் அவ்வாறே கொதிக்கின்றது. வேரைச் சூழ்ந்த மண்ணின் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு மேற் செல்லும்போது பெரும்பாலான மரக்கறிகளின் வேர்வளர்ச்சி குன்றத்தொடங்கும். செடியின் ஒருபக்கம் மாத்திரம் காரணமின்றி வாடுமாயின், அப்பக்கத்து வேர்கள் சாடியின் சுவரோரத்தில் வெந்திருத்தல் கூடும்.

இதற்குச் செலவின்றிச் செய்யக்கூடியன உள. சாடியின் வெளிப்புறத்திற்குச் சுண்ணாம்பு பூசலாம். அல்லது சாக்கினாற் சுற்றி அதனை ஈரமாக வைத்திருக்கலாம். சாடிகளைத் தனித்தனியே பரப்பாது நெருக்கமாக வைத்தால் ஒன்று மற்றதற்கு நிழலாகும். மேற்குப் பக்கத்தில் பந்தலிட்டுப் பாகலையோ பயிற்றையையோ படரவிட்டால் பிற்பகல் வெயில் தணியும். வெள்ளவத்தை போன்ற கரையோரப் பகுதிகளிற் கடற்காற்றின் உப்பு இலை நுனிகளைக் கருக்குவதால், கடற்பக்கத்திற்கு வலை கட்டுதலும் வேண்டும்.

ஊட்டம்

சாடியில் நிகழும் மிகப் பெரிய தவறு பசளையின் அளவிலேயே நேர்கின்றது. முப்பது சதமமீற்றர் விட்டமுள்ள வாளியின் மேற்பரப்பு ஏறத்தாழ 0.07 சதுர மீற்றராகும். அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம் யூரியா இடப்பட்டால், அது ஹெக்டேயருக்கு 700 கிலோகிராம் என்ற வீதத்திற்குச் சமமாகும். தோட்டக்காரர் எவரும் ஒரே தடவையில் இத்தகைய அளவை இடுவதில்லை. நிலத்தில் மிகையான உப்பு பரந்து ஐதாகிவிடும். சாடியில் அதற்கு இடமில்லை. மண்ணீரின் செறிவு வேரின் உட்செறிவைவிட உயரும்போது, நீர் வேரினுட் செல்வதற்கு மாறாக வேரிலிருந்து வெளியேறுகின்றது, இலையோரம் கருகுகின்றது.

ஆகவே சாடிக்குச் சிறிது சிறிதாக, அடிக்கடி ஊட்டமளிப்பதே முறையாகும். இரண்டு வாரங்களுக்கொருமுறை இரண்டு கைப்பிடி கூட்டெருவை மேல்மண்ணோடு கிளறிவிடுதல், ஊறவைத்த எருவின் தெளிநீரை ஐதாக்கி ஊற்றுதல் ஆகியன பாதுகாப்பானவை. சமையலறைக் கழிவு, முட்டைக்கோது, தேயிலைச் சக்கை, கிளிசரியாக் குழை ஆகியவற்றை மூடியுள்ள பீப்பாவில் இட்டு, மாதமொருமுறை கிளறிவந்தால் மூன்று மாதங்களிற் கூட்டெரு கிடைக்கும். காய்ந்த சருகையும் பச்சைக் கழிவையும் மாறிமாறி இட்டால் நாற்றம் எழாது.

இவ்விடயத்தில் வளவுத் தோட்டத்திற்கும் ஒரு பாடம் உண்டு. சாடியின் துளையால் வெளியேறும் மிகைப் பசளையை நாம் கண்ணாற் காண்கின்றோம். நிலத்தில் அது காணப்படாமலே கீழிறங்குகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற் படையில் தங்கும் மழைநீரே குடிநீருக்கும் பயிருக்கும் ஆதாரமாகும். வெடிப்புகளும் கரைந்த வழிகளும் நிறைந்த அக்கல்லினூடு நைத்திரேற்று எளிதில் நீரைச் சென்றடைகின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றிற்கு விதித்துள்ள உச்ச அளவு இலீற்றருக்கு 50 மில்லிகிராம் ஆகும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வளவு மீறப்பட்டுள்ளமையைக் கடந்த நாற்பதாண்டுக் கால ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை மிகை நைத்திரேற்று குறைக்கவல்லது. தோட்டப் பசளையோடு மலக்குழிகளும் இந்நிலைக்குக் காரணமாகும். எனினும், கிணற்றிலிருந்து சில பாகத் தொலைவிலுள்ள பாத்தியில் இடப்படும் பசளை, அதே வீட்டின் குடிநீரோடு தொடர்புடையது என்னும் உணர்வு ஒவ்வொரு குடும்பத்திற்கும் இருத்தல் வேண்டும்.

கூரையின் சுமை

மாடித் தோட்டம் தொடங்குவோர் பயிரைப் பற்றி எண்ணுமுன் கூரையைப் பற்றி எண்ணுதல் அவசியமாகும். எங்கள் நாட்டின் கட்டட வேலைகளிற் பெரிதும் பின்பற்றப்பட்டு வந்த பிரித்தானிய நியமங்களின்படி, ஆட்கள் ஏறிப் பயன்படுத்தும் தட்டைக் கூரை சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் மேற்சுமையை எண்ணி வடிவமைக்கப்படுகின்றது. திருத்தவேலைக்கு மாத்திரம் ஏறப்படும் கூரைக்கு இதன் பாதி அளவே எண்ணப்படும். நீர் நிறைந்த மண் கன மீற்றருக்கு 1,800 கிலோகிராம் வரை நிறையுடையது. ஆகவே முப்பது சதமமீற்றர் ஆழத்திற்கு மண்பரப்பிப் பாத்தி கட்டினால், சதுர மீற்றருக்கு 540 கிலோகிராம் சுமை ஏறுகின்றது. இது கூரை தாங்குமென எண்ணப்பட்ட அளவின் மூன்று மடங்கிற்கு மேலாகும்.

எனவே பொறியியலாளர் ஒருவரின் ஆலோசனையின்றிக் கூரையில் மண்பாத்தி அமைத்தல் தகாது. இருபது இலீற்றர் வாளி, தும்புத்தூளும் கூட்டெருவும் மிகுந்த கலவையோடு நனைந்த நிலையில் 25 கிலோகிராம் அளவு நிறையுடையதாகும். அத்தகையவற்றை இடைவெளிவிட்டு, தூண்களுக்கும் சுவர்களுக்கும் உத்திரங்களுக்கும் மேலாக வரிசைப்படுத்த வேண்டும். தளத்தின் நடுப்பகுதியை நடமாட்டத்திற்கு விடுதல் நன்று. வடிநீர் தளத்திலே தேங்காது குழாயை அடையும்படி சரிவு இருத்தலும் வேண்டும். தேங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

பயிரும் பருவமும்

சாடிக்கு முதலிடம் பெறவேண்டியவை கீரைகளே. முளைக்கீரை விதைத்த நான்கு வாரத்திற் பிடுங்கப்படும், வெப்பத்தை விரும்புவது. பொன்னாங்காணியும் கங்குனும் தண்டுத் துண்டுகளிலிருந்தே வளர்ந்து, வெட்ட வெட்டத் துளிர்ப்பவை. வல்லாரை, வெயில் குறைந்த மேன்மாடத்திலும் வளரும். பசளிக்கொடி கம்பித் தடுப்பிலே படரும். அடுத்து மிளகாயும் கத்தரியும். இவை ஓராண்டிற்கு மேலும் காய்க்கவல்லவை. கிளைகளை வெட்டிவிட மீண்டுந் தளிர்ப்பவை. இரண்டு மூன்று பச்சைமிளகாய்ச் செடிகள் ஒரு சிறு குடும்பத்தின் அன்றாடத் தேவையிற் பெரும்பகுதியை நிறைவு செய்யலாம்.

தக்காளி பலரும் முதலில் விரும்பி நடுவது, ஏமாற்றமளிப்பதும் அதுவே. இரவு வெப்பநிலை 24 பாகை செல்சியசுக்கு மேல் நிலைக்கும்போது, பெரும்பாலான தக்காளியினங்களில் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிர்கின்றன. கொழும்பின் பெரும்பாலான மாதங்களில் இரவு இவ்வெல்லையை அண்மித்தோ மேலோ இருப்பதால், வெப்பத்தைத் தாங்கும் இனங்களையே தெரிவுசெய்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவ மழை தணியும் வேளையில் நாற்றுநட்டு, தை, மாசி மாதங்களின் குளிர்ச்சியிற் பூக்கச் செய்தல் சிறந்தது. பூசணி, நீற்றுப்பூசணி போன்றன வளவுக்கே உரியவை; சாடி அவற்றைத் தாங்காது.

உயர்ந்த மாடிகளில் தேனீக்களின் வரவு குறைவு. பாகல், புடோல், பீர்க்கு ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறாதலால், காய் பிடிக்காவிடின் ஆண்பூவைக் கொய்து பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுதல் வேண்டும். பாகல் காலையில் மலர்வது. புடோல் அந்திக்குப் பின் மலர்வதாதலால், அதற்கு மாலை வேளையே ஏற்றது. தக்காளியும் கத்தரியும் தம் பூவினுள்ளேயே மகரந்தச் சேர்க்கை அடையக்கூடியவை. காலையிற் பூங்கொத்தை விரலாற் சுண்டிவிட்டாற் போதும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாதலின், ஒன்று வாடல் நோயால் மடிந்த சாடியில் மற்றொன்றை நடலாகாது. கீரையோ பயிற்றையோ இடவேண்டும்.

கொள்கலன் தெரிவிலும் கவனம் வேண்டும். பூச்சிநாசினியோ எண்ணெய்ப்பூச்சோ இருந்த கலங்கள் எவ்வளவு கழுவினும் உணவுப்பயிருக்கு ஆகா.

நுளம்பு

2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயால் பீடிக்கப்பட்டனர். 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். டெங்கைப் பரப்பும் நுளம்பு, வீட்டைச் சுற்றிய சிறு கலங்களில் தேங்கும் தெளிந்த நீரிலே முட்டையிடுவது. முட்டை முதிர்நுளம்பாவதற்கு எங்கள் நாட்டு வெப்பநிலையில் ஏழு முதல் பத்து நாள்கள் போதும். சாடியின்கீழ் வைக்கும் தட்டம், பயன்படுத்தாத வாளி, மூடாத மழைநீர்ப் பீப்பா என்பன யாவும் அதற்கு ஏற்ற இடங்களாகும். தட்டங்களை முற்றாக நீக்குதல் நன்று. இயலாதாயின் வாரமொருமுறை கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்; முட்டைகள் ஓரத்தில் ஒட்டியிருந்து, உலர்ந்த பின்னும் பல மாதங்கள் உயிர்தாங்குமாதலால் நீரைக் கொட்டுதல் மாத்திரம் போதாது. இதனைச் செய்ய இயலாத வீட்டில் மாடித் தோட்டம் இல்லாதிருத்தலே அயலாருக்கு நன்மையாகும்.

எவ்வளவை எதிர்பார்க்கலாம்?

வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதன்படி ஐவரடங்கிய குடும்பத்திற்கு மாதமொன்றுக்கு ஏறத்தாழ 60 கிலோகிராம் தேவை. நன்கு பராமரித்த முளைக்கீரை ஒரு சதுர மீற்றரிலிருந்து ஓர் அறுவடைக்கு ஒன்று முதல் இரண்டு கிலோகிராம் வரை தரக்கூடும். ஆறு சதுர மீற்றர் பரப்பில் வரிசையாகக் கலங்களை வைத்து மாதமொருமுறை அறுவடை செய்தால், 6 முதல் 12 கிலோகிராம் கிடைக்கும். இது தேவையின் பத்திலொன்று முதல் ஐந்திலொன்று வரையாகும்.

சக்தியின் அடிப்படையிற் கணித்தால் நிலை இன்னுந் தெளிவாகும். நூறு கிராம் அரிசி ஏறத்தாழ 350 கிலோகலோரி தருகின்றது. நூறு கிராம் கீரை தருவது 25 அளவே. எனவே மாடித் தோட்டம் பசியைப் போக்காது. வயலுக்கும் தோட்டக்காரருக்கும் அவர்களுக்குரிய பசளை, நீர், நியாய விலை ஆகியவற்றிற்கும் அது ஈடாகாது. நெருக்கடிக் காலத்தில் "வீட்டிற் பயிரிடுங்கள்" என்ற அறிவுரை, நாட்டின் உணவுக் கொள்கைக்குப் பதிலீடாகக் கூறப்படுமாயின், அது மண்ணில்லாதவர் மீது மண்ணின் பொறுப்பைச் சுமத்துவதாகவே முடியும். ஒரு வாளியும் வைக்க இடமில்லாத வீடுகளிலேயே பசி முதலில் நுழைகின்றது என்பதையும் மறத்தலாகாது.

எனினும் அக்கீரையின் பயன் கலோரியில் அளக்கப்படுவதன்று. உயிர்ச்சத்து ஏயை உடல் ஆக்கிக்கொள்வதற்கு வேண்டிய கரோட்டீன், போலேற்று, இரும்பு, கல்சியம் ஆகியன நெருக்கடிக் காலத்தில் ஏழைக் குடும்பத்தின் தட்டிலிருந்து முதலில் மறைபவை. விலையேறும்போது மக்கள் சோற்றைக் காப்பாற்றிக் கறியைக் குறைக்கின்றனர். கருவுற்ற பெண்ணும் வளரும் பிள்ளையும் அக்குறையின் சுமையை முதலிற் சுமக்கின்றனர். நாள்தோறும் ஒரு கைப்பிடி கீரையும் சில பச்சைமிளகாயும் வீட்டிலேயே கிடைப்பது அவ்விடத்திலே பெருமதிப்புடையது. 1990ஆம் ஆண்டின் பின்னர் யூரியா உட்படப் பல பொருள்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குச் செல்லத் தடைவிதிக்கப்பட்டிருந்த காலத்தில், முருங்கையும் பொன்னாங்காணியும் குழையெருவும் எத்துணை உதவின என்பதை அக்காலத்தை வாழ்ந்து கடந்த தலைமுறை நன்கறியும்.

வளவுள்ளோர் அதனைச் சீமெந்தால் மூடாது பேணுதலும், வளவில்லாதோர் கூரையின் வலுவும் நீரின் வசதியும் நோக்கி ஐந்தாறு பெரிய கலங்களோடு தொடங்குதலும் முறையாகும். முதற்பருவத்திற் கீரை, அது கைவந்தபின் மிளகாயும் கத்தரியும், அதன்பின் கொடிவகை என ஒழுங்காகச் செல்லின் முயற்சி நிலைபெறும். நீரைத் தேக்குதல், மிகையை வடித்தல், வெப்பத்தைத் தணித்தல், ஊட்டத்தை அளந்து கொடுத்தல் என நிலம் ஓசையின்றிச் செய்துவந்த தொழில்களை ஒரு வாளியளவிற் செய்து பழகிய ஒருவர், மேல்மண்ணை அகழ்ந்து விற்பதையும் கிணற்றடியிற் பசளையைக் கொட்டுவதையும் இலகுவிற் பொறுத்துக்கொள்ளமாட்டார். மாடித் தோட்டத்திலிருந்து பெறப்படும் விளைச்சலிற் கீரையோடு இவ்வறிவையும் சேர்த்தே கணித்தல் வேண்டும்.